நீல ரிப்பன்

இந்தக் கதையை இத்தனை வருஷமும் நான் ஒரு சிரிப்புக் கதையாகத்தான் சொல்லி வந்திருக்கிறேன். பட்டிமன்ற மேடையில் சொல்லியிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பல் டாக்டர் வாசலில், கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் சொல்லி, அவர் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் பட்ட பாட்டைப் பார்த்து என் திறமையை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவளுக்குக் குடும்பம் என்பது வீட்டில் எப்போதும் கிடக்கும் வெங்காயம் மாதிரி. வேறு எதுவும் கிடைக்காத நாளில் எடுத்து நறுக்கிக்கொள்ளலாம். வெங்காயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கதையின் நாயகி என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்கு அண்ணனும் அப்பாதான், அப்பாவும் அப்பாதான். பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் நடுவே, மாந்தோப்புகளைத் தாண்டி, கன்னியாஸ்திரிகள் பெண்களுக்காக நடத்திய ஒரு சின்னக் கல்லூரியில் அவள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சின்னக் கல்லூரி என்றால், பெரிய சிஸ்டருக்கு அங்கே படித்த எல்லாப் பெண்களின் பெயரும் தெரியும், அவர்கள் வீட்டு மாடுகளின் பெயரும் தெரியும் என்பார்கள்.

அதியமான்கோட்டையில் எங்கள் பங்காளி வகையறாவில் வயசுக்கு வந்த பெண்ணைப் பஸ் ஏற்றி வெளியூருக்குப் படிக்க அனுப்பியவர் அதுவரை யாரும் கிடையாது. அப்பா அனுப்பினார். படிப்பின்மேல் இருந்த மரியாதை பாதி என்றால், அந்தக் கல்லூரியின் மதில்மேல் இருந்த மரியாதை மீதி. "ஆளு ஒசரத்துக்கு மேல இன்னொரு ஆளு ஒசரம். உச்சியில கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்காங்க" என்று, ஏதோ அங்குள்ள நூலகத்தை வர்ணிப்பதுபோல் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பங்காளி வீட்டுப் பெரியப்பாவுக்குத்தான் மனசில்லை. "உள்ளாற விட்டதும் வேதத்துல சேத்துக்குவாங்கடா" என்றார். வேதம் என்றால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவம். அப்பா சிரித்தார். "அவ கணக்குப் படிக்கப் போறா. கணக்குல ஏதுண்ணா வேதம்?"

அந்தச் சிரிப்பு அப்பாவிடம் அத்தையின் மூன்றாம் வருஷம் வரைக்கும் இருந்தது.

லீவில் வீட்டுக்கு வந்தால் அத்தை மாட்டுக்கொட்டகைச் சுவரில் அடுப்புக்கரியால் கணக்குப் போடுவாள். ஒரு மூலையில் ஆரம்பித்து, தொட்டி வரை வந்து, கணக்கு முடியாமல் மறுபடி மேலே போவாள். மாடுகள் அசைபோட்டபடி அதைச் சரிபார்க்கின்றன என்று நான் நம்பினேன். அம்மா வந்து, "சுண்ணாம்பு அடிச்சு மாசம் ஆவல, அதுக்குள்ள கரி பூசுறியே, ஒனக்கே நல்லாருக்கா?" என்று கேட்பாள். விடை வந்துவிட்டால் அத்தை கரிக்கையால் என் மூக்கைத் தொட்டுவிட்டுச் சொல்வாள்: "நான் பாஸ் பண்ணுனா நம்ம வூட்டுலயே மொத டிகிரி நான்தான்டி. பொம்பளைங்கள்ல இல்ல, ஆம்பளைங்களையும் சேத்து." எனக்கு டிகிரி என்றால் காய்ச்சல் சமாச்சாரம் என்றுதான் தெரியும். நல்ல காய்ச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாசி மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. எங்கள் பக்கத்தில் ரயில்வே மாப்பிள்ளை என்றால் ரயிலையே வீட்டு வாசலில் கொண்டுவந்து கட்டிவிடுவார் என்பதுபோல் ஒரு மரியாதை. வடக்கே மாற்றல் வரப் போகிறது, பங்குனியிலேயே கல்யாணத்தை முடித்தாக வேண்டும் என்றார்கள். அத்தைக்குக் கடைசிப் பரீட்சை சித்திரையில். "எழுதிட்டு வரட்டுமே" என்று அப்பா இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா, "பரீட்சை எழுதி என்னா, கலெக்டரா ஆவப் போவுது?" என்று கேட்டனுப்பியிருந்தாள். அப்பா அதற்குமேல் இழுக்கவில்லை. பெண் விடுதியில் இருக்கிறது, நடுவில் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்றதும், ரயில்காரர்களுக்கு என்ன, பொம்மிடியில் இறங்கி அங்கேயே வந்து பார்த்துவிடுகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வந்ததுபோல் வந்து உட்கார்ந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அத்தைக்கும் தெரியாது.

வீட்டில் பசு கன்று போடும் நிலையில் இருந்ததால் அம்மாவால் வர முடியவில்லை. கன்னியர் மடத்துக்குப் பெண் துணையில்லாமல் போனால் நன்றாக இருக்காது என்று அப்பா நினைத்தார். கைக்குக் கிடைத்த பெண் நான்தான். இரண்டாம் வகுப்பு, முன்பல் கிடையாது. தர்மபுரி போய், கடத்தூர் பஸ் மாறி, வழி முழுக்கப் பேசிக்கொண்டே போனேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிப் போனதாக அப்பா பிற்பாடு சொல்வதுண்டு.

கல்லூரி வாசலில் ஒரு சின்ன வயசு சிஸ்டர் எங்களை மறித்தார். புதிதாக வந்தவர். "இன்னைக்கு விசிட்டர் கிடையாதுங்க. தவக்காலத் தியானம் நடக்குது. பிள்ளைங்க பேசாம இருக்காங்க."

"பேசாமன்னா?"

"யார்கிட்டயும் பேச மாட்டாங்க. தோள்ல நீல ரிப்பன் குத்தியிருப்பாங்க. அது இருந்தா நாங்களும் அவங்ககிட்டப் பேச்சுக் குடுக்க மாட்டோம்."

இந்த இடத்தில் எனக்கு ஏற்பட்ட மரியாதையைச் சொல்லி முடியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வாயில் விரல் வைக்கச் சொன்னால் நான்தான் முதலில் எடுப்பேன். இங்கே பெரிய பெண்கள் நாள்கணக்கில் அந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள்! அப்பா, ஜோலார்பேட்டையிலிருந்து கிட்டத்துச் சொந்தம் வருகிறது, ரயிலுக்குத் திரும்ப வேண்டும், சும்மா கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று கெஞ்சினார். சிஸ்டர் இரக்கப்பட்டு வரவேற்பறையைத் திறந்துவிட்டு, அத்தைக்கு ஆள் சொல்லி அனுப்பினார்.

சுவரில் இயேசுவின் படம், இருதய ஆண்டவர் என்பார்கள்; எதிரெதிரே நீள பெஞ்சுகள். மாப்பிள்ளை வீட்டார் வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அவர் வேறெதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவருடைய அம்மா பார்க்க வேண்டியதையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். கையில் தாமரை இலையில் கட்டிய மல்லிகைப்பூ. அத்தை வாசலில் வந்து நின்றவள் முதலில் பார்த்தது அந்தப் பூவைத்தான்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. ஓடி வந்திருப்பாள் போல. தோளில் நீல ரிப்பன். எந்தக் கோட்டையும் அளவுகோல் இல்லாமலே நேராகப் போடுகிறவள், ரிப்பனை மட்டும் கோணலாகக் குத்தியிருந்தாள். அதை நேராக்கிவிட வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. அவள் பேசாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் சேலை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன் பேரு என்னாம்மா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அத்தை அவளைப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பார்த்தாள். பேசவில்லை.

"தொண்ட கட்டிக்கிச்சுங்க" என்றார் அப்பா. வேறென்ன சொல்வார்? தங்கச்சி வேதக்காரர்களின் தியானத்தில் இருக்கிறாள் என்றா சொல்ல முடியும்?

"தொண்ட கட்டுனா காத்தாச்சும் வருமே. ஏம்மா, சமைக்கத் தெரியுமா?"

இல்லை. காற்றும் வரவில்லை.

"பாட்டு கீட்டு?"

ஒவ்வொரு கேள்விக்கும் அத்தையின் பிடி என் கையில் இறுகியது. ஆட்டத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டாள் என்று எனக்கு ஒரே குஷி. அவளைப் பேச வைத்துவிட்டால் நான் ஜெயித்த மாதிரி. பல்லில்லாத ஈற்றைக் காட்டினேன். மாறுகண் வைத்துக் காட்டினேன். நாக்கை மூக்கில் தொட முயன்றேன். அத்தை சிரிக்கவில்லை. "பங்குனியில தேதி வெச்சுக்கலாம்னு உங்கண்ணன் சொல்லிட்டாரு, உனுக்குச் சம்மதந்தான?" என்று அந்த அம்மாள் கேட்டபோது, அவளுடைய நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. "வலிக்குது அத்தை!" என்று கத்தினேன். அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. பிடியை மட்டும் விட்டாள். உடனே மறுபடி பிடித்துக்கொண்டாள்.

"பொண்ணுக்கு வாயி வருமா வராதா? மறைக்காம சொல்லிருங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா அப்பாவிடம்.

சரியாக அந்த நேரத்தில்தான், எலுமிச்சை ஜூஸ் தட்டுடன் வாசல் சிஸ்டர் உள்ளே வந்தார். வந்தவர்கள் மனம் நோகக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சிரித்த முகத்துடன் விளக்கமும் சொன்னார்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. அவங்க ஆண்டவரோட பேசிட்டு இருக்காங்க."

மாப்பிள்ளையின் அம்மா அத்தையைப் பார்த்தாள். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "எந்த ஆண்டவரோட?" என்று கேட்டாள்.

மேடையில் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். சிரிப்பு அடங்கட்டும் என்று. இத்தனை வருஷத்தில் இந்த வரி ஒருமுறைகூட என்னைக் கைவிட்டதில்லை.

அதற்குப் பின் நடந்ததை மேடையில் சொல்வதில்லை. பூ கட்டியபடியே திரும்பிப் போனது. "வேதத்துக்குப் போன பொண்ணத் தொண்ட கட்டிக்கிச்சுன்னு தள்ளிவுடப் பாத்தீங்களே" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னது, தியானத்தில் இருந்த அந்த வளாகம் முழுவதும் கேட்டிருக்கும். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார். பெரியப்பா அன்று சொன்னது அவர் காதில் திரும்ப ஒலித்திருக்க வேண்டும். ஊர் முழுக்கப் பெருமை பேசித் தீர்த்த மதில்சுவர், இப்போது தன் தங்கையை உள்ளே வைத்துக்கொண்டு நிற்பதாக அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மற்றபடி அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்த நல்லவர்கள் செய்கிற காரியத்தைக் கெட்டவர்களால் அத்தனை சுத்தமாகச் செய்ய முடியாது.

"பெட்டியக் கட்டு" என்றார்.

பெரிய சிஸ்டரும் கோயிலில் தியானத்தில் இருந்தார். வாசல் சிஸ்டருக்கு, வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் பெண்ணை அனுப்ப வேண்டும் என்பது மட்டும் தெரியும். அப்பா அதைச் சொன்னார். அவரைத் தடுத்து ஒரு வார்த்தை சொல்லக்கூடிய வாய் அன்று அந்தக் கல்லூரியில் ஒன்றும் இல்லை. அத்தை தகரப் பெட்டியோடு வாசல் வரைக்கும் வந்தாள். மதிலைத் தாண்டுவதற்கு முன் நின்றாள். தோளிலிருந்து ரிப்பனைப் பிய்த்து எடுத்தாள்.

"அண்ணா, இது என்னுது இல்லண்ணா. பரீட்ச மட்டும் எழுதிட்டு வந்துர்றேன். அப்புறம் நீ யார காட்னாலும் கட்டிக்கிறேன். கால்ல வேணா வுழுவுறேண்ணா."

அப்பா திரும்பிப் பார்த்தார். "இப்பத்தான் வாயி வந்துச்சா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. கை தட்டிக் குதித்தேன். "அத்தை பேசிட்டா! அத்தை தோத்துட்டா!"

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாரியம்மன் கோயிலைச் சுற்றி வரச் செய்தார்கள். மாட்டுக்கொட்டகைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கல்லூரியிலிருந்து இரண்டு சிஸ்டர்கள் வந்து வாசலில் வெகுநேரம் நின்று பேசிப் பார்த்துவிட்டுப் போனார்கள்; அவர்கள் வந்தது ஊர்க்காரர்களின் சந்தேகத்தை உறுதிசெய்ய மட்டும்தான் உதவியது. சித்திரையில் பரீட்சை நடந்தது. வைகாசியில், இரண்டாம் தாரமாக, கடத்தூர்ப் பக்கம் ஒரு மஞ்சள்காட்டுக்காரருக்கு அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள். வேதத்துக்குப் போன பெண் என்ற பேச்சுக்குப் பிறகு அதுவே பெரிய காரியம் என்றார்கள். மாமா நல்லவர்தான். அவர் வீட்டுச் சுவரில் கரிக்கோடு எதையும் நான் பார்த்ததில்லை.

பதினாலு வருஷம் கழித்து நான் டிகிரி வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி, ஆம்பளைகளையும் சேர்த்து. என்னைக் கல்லூரியில் சேர்க்கும்போது அப்பா மதிலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. போட்டோ எடுத்த அன்று அத்தை வந்திருந்தாள். கறுப்பு அங்கியின் ஓரத்தை ஜவுளிக்கடையில் பார்ப்பதுபோல் விரலால் தேய்த்துப் பார்த்தாள். "இவ்ளோ லேசாவா இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். வாடகை அங்கி அத்தை, துணி மட்டம்தான் என்றேன். அதற்கும் அங்கே நாலு பேர் சிரித்தார்கள்.

போன வருஷம் ஆடியில் அத்தை போய்விட்டாள்.

இந்த வருஷம் அந்தக் கல்லூரியின் பழைய மாணவிகள் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வருவதாக இருந்த டிவி நடிகைக்குக் காய்ச்சலாம். நான் அங்கே படித்தவள் இல்லையே என்றேன். "பரவாயில்லைங்க மேடம், உங்களுக்குக் காய்ச்சல் இல்லையே" என்றது ஃபோனில் ஒரு பெண் குரல். போனேன். மதில் அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடிச் சில்லு மழையில் மழுங்கிவிட்டது. கூட்டம் குறைவு. பக்கத்து ஊர்களில் பெரிய கல்லூரிகள் வந்த பிறகு இங்கே சேர்கிறவர்கள் சுருங்கிவிட்டார்கள், வருகிற வருஷம் இருக்குமோ இருக்காதோ என்று பேசிக்கொண்டார்கள். துக்க வீட்டில் சிரிக்க வைக்கிற வேலை எனக்குப் பழக்கம்தான். அத்தை கதையை எடுத்தேன். "எந்த ஆண்டவரோட?" என்றதும் சிஸ்டர்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஒரே ஒருவர் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். நரைத்த தலை, கழுத்தில் சின்னச் சிலுவை, ஏதோ கிராமத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"நீ அவ அண்ணன் மவளா? பல்லில்லாம ஒரு வாயாடி வந்துச்சே, அதுவா?"

நான்தான் என்றேன். பல் கட்டியதைத் தவிர வேறு மாற்றமில்லை என்றும் சொன்னேன். அவர் அதற்கும் சிரிக்கவில்லை.

"கதைய நல்லாத்தான் சொல்ற. ஆனா தப்பா சொல்றியே பாப்பா. தியானம் எங்களுக்குத்தான். வேதக்காரப் புள்ளைங்களுக்கு மட்டும். ஒங்கத்தை மாதிரி இந்துப் புள்ளைங்க மாந்தோப்புல ஒக்காந்து பாடம் படிப்பாங்க, சத்தமாப் பேசி எங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்குவாங்க. ரிப்பனே கெடையாது அவங்களுக்கு. அந்த வாசல் சிஸ்டரு புதுசு. யாரு எந்த வேதம்னு அதுக்கு என்னா தெரியும்? ரிப்பனத்தான் பாக்கும்."

"அப்படின்னா அத்தை தோள்ல..."

"என்னுது அது. ஒங்கத்தை ஜன்னல் வழியா பாத்துட்டா, பூவும் கையுமா ஆளுங்க வர்றத. ஓடியாந்தா. 'ரிப்பனக் குடுடி, நான் வாயத் தொறந்தா அவங்களுக்குப் புடிச்சிப் போயிரும்டி'ன்னா. அவளுக்குப் பேச்சு அப்பிடி, யாருக்கும் புடிச்சிப் போயிரும். நான் மாட்டேன்னு தலய ஆட்டுனேன். எனுக்குத்தான் பேசக் கூடாதே. பாவம்டி, ஆண்டவர் கோவிச்சுக்குவாருன்னு கையக் காட்டுறேன். 'அவருகிட்ட நான் பேசிக்கிறேன், நீ குடு'ன்னு புடுங்கிக் குத்திக்கிட்டுப் போனா." டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சம்பந்தம் மட்டும் தட்டிப் போனா போதும், அண்ணன் ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பாரு, அதுக்குள்ள பரீட்ச வந்துரும்னு கணக்குப் போட்டிருப்பா. வேதம் கீதம்னு அவரு பயந்துக்குவாருன்னு அவ நெனைக்கவே இல்ல. எங்க செட்லயே அவ ஒருத்திதான் கணக்குல தப்பே வுடாதவ."

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"திருப்பிக் குடுக்க வருவான்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் போயிப் பாத்தா கட்டிலுக்கடியில பெட்டி இல்ல. அந்த ரிப்பன் என்னாச்சுன்னு ஒனக்குத் தெரியுமா பாப்பா?"

தெரியும். ஆனால் அந்தப் பெண்மணியிடம் சொல்ல எனக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக, வாய் வரவில்லை.

அன்று வீடு திரும்பிய பஸ்ஸில் அப்பா முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நானும் அத்தையும் பின்னால். அவள் ரிப்பனைச் சுருட்டிக் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். மாந்தோப்பெல்லாம் தாண்டிய பிறகு, என்னைத் திருப்பி உட்கார வைத்து, சடையைப் பிரித்து, வாரி, மறுபடி பின்னினாள். முடிவில் அந்த நீல ரிப்பனைப் பட்டாம்பூச்சி மாதிரி நேராக, இரண்டு பக்கமும் சமமாக வைத்துக் கட்டினாள். எனக்கு அது புரிந்தது. ஆட்டத்தில் தோற்றவர்கள் ஜெயித்தவர்களுக்கு எதையாவது கொடுப்பதுதானே. தர்மபுரி வரும் வரைக்கும் பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"எங்கத்தை குடுத்தது. நான்தான் ஜெயிச்சேன்."